நீர்புழு

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை. அதற்குள் இரண்டு கணினி, ஓர் அச்சுப்பொறி, ஏடு தைக்கும் ஊசி, ஒரு பசைக் கிண்ணம், ஒரு டைப்பிங் அக்கா. கல்லூரியில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்கள்கூட அக்கா என்றே அழைத்தார்கள். மரியாதை என்று முதலில் நினைத்தாள். பெயரைக் கேட்கச் சோம்பல் என்று பிறகு புரிந்தது.

ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கல்லூரியின் பதினான்கு துறைகளும் அவள் விரல் வழியாகத்தான் வெளியேறின. காலையில் தேனீக்களின் திசையறிவு, பதினோரு மணிக்குச் சிறைக்கைதிகளின் மனநிலை, மதியம் பாலங்களின் அதிர்வு, சாயங்காலம் யாப்பு. வெண்பாவில் தளை தட்டுவதையும் பாலத்தின் கணக்கில் ஒரு சுழியம் தப்பியதையும் ஒரே கண்ணால் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவாள். எழுதியவன் வாசிப்பதில்லை, அவனுக்கு வழிகாட்டியவர் வாசிப்பதில்லை, தைத்த ஏடு நூலகத்தில் ஏறிய பிறகு தூசியைத் தவிர எதுவும் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வாசகராவது இருந்தாக வேண்டும் என்றால், அங்கே அந்த ஒருவர் அவள்தான். இது பேராசிரியர்கள் யாருக்கும் தெரியாது என்றே அவள் நம்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தபோது, தொலைபேசியில் அவள் கணவன் இருந்தான். சுமைவண்டியிலிருந்து விழுந்து அவன் இடுப்பை முறித்துக்கொண்ட நாள் முதல், வீட்டில் அடுப்பு எரிவது, கல்லூரியிடம் வாடகைக்கு எடுத்த இந்த அறையையும் அதிலிருந்த அவளுடைய சொந்தக் கணினிகளையும் நம்பித்தான்.

"நீட்டின எடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு. வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணவன்தான் மாட்டணும்னா உலகத்துல பாதி நாற்காலி காலியா கெடக்கும். போயிட்டு வா தாயே."

நடந்தது இதுதான். சுற்றுச்சூழல் துறையில் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயரெடுத்த ஒரு நெட்டை மாணவன், மூத்த மாணவர் ஒருவரின் மண்வள ஆய்வேட்டை எங்கிருந்தோ பிடித்தான். அவனுக்குத் தரப்பட்ட தலைப்போ நீர்வளம். கணினியிடம் ஒரே கட்டளை: 'மண்' வருமிடமெல்லாம் 'நீர்' என்று மாற்று. கணினி சொன்னதைச் செய்யும், அர்த்தம் கேட்காது. அந்த வகையில் அது கல்லூரிக்கே வாய்த்த பொருள். செம்மண் செம்நீர் ஆயிற்று. காற்று மண்டலம் காற்று நீர்டலம் ஆயிற்று. கண்ணில் பட்ட சில விகாரங்களை அவனே ஒட்டுப்போட்டு, ஒரு பிடி நீரைக் கையில் எடுத்து உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்கும் என்று நாற்பதாம் பக்கத்தில் சாதித்திருந்தான். உழவனின் நண்பனான நீர்புழு நீரைத் துளைத்து நீருக்குக் காற்றோட்டம் தந்தது.

வேறொரு சமயமாக இருந்திருந்தால், அவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்திருப்பாள். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்புதான், அவனுடைய துறைத்தலைவர் தம் கட்டுரை ஒன்றை அச்சுக்குக் கொடுத்திருந்தார். மூன்றாம் பக்கத்துப் பத்தி அப்படியே ஒன்பதாம் பக்கத்திலும் இருப்பதை அவள் சுட்டிக்காட்டினாள்.

"நீங்க எதுக்கும்மா படிக்கறீங்க?" என்றார் அவர், வரிசையில் நின்ற மாணவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டி. "படிக்கறது எங்க வேலை. நீங்க அடிங்க, போதும்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேருடைய ஏடுகளை அவள் முந்தின நாள்தான் மானத்தோடு கரையேற்றியிருந்தாள்.

"சரி சார்," என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒட்டடைக்குச்சியின் ஏடு வந்தபடியே அச்சேறியது, தைக்கப்பட்டது, போயிற்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், ஊர் வழக்கத்துக்கு மாறாக, அதைத் திறந்து பார்த்துவிட்டார். 'இந்த நீர்புழுவை எனக்கும் ஒன்று காட்டவும்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டார்.

முதல்வர் அறையில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டடைக்குச்சி சுவரோடு சுவராக நின்றான்.

"உக்காருங்கக்கா," என்றார் முதல்வர். காலியாக இருந்த நாற்காலிகளில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவள் நின்றாள். அவர் ஒரு தாளை நகர்த்தினார். 'நிகழ்ந்தது தட்டச்சுப் பிழை. முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று அவள் சொல்வதாக அதில் எழுதியிருந்தது.

"நான் இதுல ஒரு எழுத்துகூட அடிக்கலை சார். தம்பி பென்டிரைவ்ல கொண்டு வந்தான். அச்செடுத்தேன், தைச்சேன்."

"அச்செடுக்கும்போது பார்த்திருப்பீங்கல்ல?" என்றார் துறைத்தலைவர்.

"பார்த்தேன். நீர்புழு பதினேழு எடத்துல இருக்கு. நீர்டலம் ஒன்பது."

"பார்த்துட்டு ஏன் திருத்தலை? வருஷா வருஷம் நீங்கதானே எல்லாத்தையும் திருத்துவீங்க!"

வாயைவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதல்வர் பேனா மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரிந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகளும் இவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, அவள் தலையைக் குனிய வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

"படிக்காதீங்க, அடிங்க போதும்னு சொன்னது யாரு சார்?" என்று கேட்டாள். "முதல் பக்கத்துல 'வரிக்கு வரி சரிபார்த்தேன்'னு இருக்கே, அதுக்குக் கீழே இருக்கறது யார் கையெழுத்து?"

"அது ஒரு நடைமுறை வாசகம்மா."

"நீங்க செஞ்சா நடைமுறை, நான் செஞ்சா பிழையா?"

"அக்கா, ஸாரிக்கா," என்று சுவர் முனகியது.

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "நீ பேசாத. மண்புழுன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"அது... எங்களுக்கு அடுத்த செமஸ்டர்லதான்க்கா வருது."

முதல்வருக்கே சிரிப்பு முட்டியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு, பேனாவை அவள் பக்கம் நீட்டினார். "பேச்சை வளர்க்க வேண்டாம்க்கா. ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டா அறை உங்களுக்கே. இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கும் மேலே பதில் சொல்லணும்ல?"

"இவருக்கும் ஒரு கையெழுத்துதான் சார். அதனாலதான் நாம எல்லாரும் இங்க இருக்கோம்."

வீட்டில் படுத்திருக்கும் கணவனின் முகம் வந்தது. பேனாவைக் கையில் வாங்கினாள். துறைத்தலைவரின் தோள்கள் தளர்ந்து இறங்கின; அந்த ஆசுவாசத்தை அவள் பார்த்தாள். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பாள். 'தட்டச்சு' என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தாள். அதன் மேல் பொடி எழுத்தில் 'வாசிக்காத' என்று எழுதினாள். 'என்னுடையது' என்பதையும் அடித்தாள். அங்கே ஒன்றும் எழுதவில்லை. தாளைத் திருப்பித் துறைத்தலைவர் முன்னால் வைத்தாள்.

"இப்பச் சரியா இருக்கு. போட வேண்டியவங்க போடுங்க."

"என்ன திமிர் இது!" என்று எழுந்தார் அவர்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க சார். போடுங்க. அதையாவது நீர்னு மாத்தாம போடுங்க."

படி இறங்கினாள். கீழே எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். வேறு துறைகளின் ஏடுகளுக்குக் கடைசி நாள் மறுநாள். அச்சுப்பொறி, போகும்முன் அவள் கொடுத்திருந்த உளவியல் ஏட்டை இன்னும் துப்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்னோடது பொருளாதாரம்," முன்னால் நின்ற பெண் பென்டிரைவை நீட்டினாள். "அங்கங்க இடிக்கும். நீங்களே கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிடுங்கக்கா."

"நீ படிச்சியா?"

அந்தப் பெண் கள்ளமில்லாமல் விழித்தாள்.

"எதைக்கா?"

அவள் கை தானாக நீண்டு சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தது. அச்சுப்பொறி பாதித் தாளைப் பல்லில் கடித்தபடி நின்றது.

"அக்கா! நாளைக்குக் கடைசி நாள். அப்ப எங்க கதி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேல ரெண்டு பேர் சும்மாதான் இருக்காங்க. போய்க் கேளு."

கம்பிகளைப் பிடுங்கிச் சுற்றினாள். ஊசியைத் துணியில் குத்தினாள். கணினியைத் தூக்கக் கை கொடுக்க வந்தவனை ஒரு பார்வையால் நிறுத்தினாள். காலி செய்ய வெள்ளிக்கிழமை வரை தவணை இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அந்த அறையில் சுவர் மட்டும்தான் இருந்தது.