ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த எழுத்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு மின்னஞ்சலாகத்தான் தொடங்கியது. 'மதிப்பிற்குரிய சார், எண்ணிக்கை தொடர்பாக ஒரு சிறு' என்பதுவரை அடித்தேன். 'சிறு' பொய் என்று பட்டது. அழித்தேன். அழித்த கையோடு 'அவன் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தான்' என்று தட்டினேன். மின்னஞ்சலுக்குப் பதில் வந்து தொலைக்கும், கதைக்கு வராது. அந்தத் தைரியம்தான்.

2

அவன் கண்நோய் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து ஏழு மாதமே ஆன கடைநிலை ஆய்வாளன். (தெரிந்தவர்கள் படித்தால் கண்டுபிடிக்கக் கூடாதென்று ஆணாக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவள் என்றே இருக்கட்டும்.)

அவளுக்கு வேலை எண்ணுவது. கண்ணில் அழுத்தம் கூடி நரம்புச் செல்கள் சாகிற நோய்க்கு ஒரு சொட்டு மருந்தைச் சோதிக்கிறார்கள். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். பிறகு விழித்திரையைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், பிழைத்த செல்கள் பச்சையாகத் தெரியும். இருபத்து நான்கு தகடுகள். எது மருந்து, எது உப்புநீர் என்று எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் சீனியர் அக்கா, தகடுகளின் ஓரத்தில் இருந்த 'ம', 'உ' எழுத்துகளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, மேலே வெறும் எண் போட்டிருந்தார். எந்த எண் எது என்ற பட்டியல் அவருடைய மேசையில், உறைக்குள்.

3

மூன்றாம் தகட்டை எடுக்கும்போது சன்னல் வெளிச்சத்தில் ஸ்டிக்கரை மீறி 'ம' தெரிந்தது. தற்செயல்தான். அவள் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு

[இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. அவள் கண்ணை மூடவில்லை.]

4

அப்பாவைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்று ரொம்பவும் தயங்கினேன். கொண்டுவந்தால் உங்கள் இரக்கத்துக்கு வலை வீசுவதாகிவிடும். ஆனால் அவர் இல்லாமல் நடந்தது விளங்காது. அவருக்கும் இதே நோய். இடது கண் போய்விட்டது. வலதிலும் ஓரப் பார்வை இல்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார்.

"இந்த நிலை தானா நகர்ந்து வருதும்மா" என்பார் சிரித்துக்கொண்டே.

அன்று காலை சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டபடி கேட்டார்: "உங்க சொட்டு மருந்து வேலை செய்யுதா?"

"இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன்பா."

"சீக்கிரம் எண்ணு. ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

5

மூன்றாம் பகுதியைத் திருத்துகிறேன். முதல் இரண்டையும் எழுத்தைப் பார்க்காமலே எண்ணி முடித்திருந்தேன். மூன்றாம் தகடு தற்செயல். மிச்சமிருந்த இருபத்தொன்றையும் நானே ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். (அவள், நான் ஆகிவிட்டாள். போகட்டும்.)

அதன் பிறகே எண்ணினேன். இல்லாத செல் எதையும் சேர்க்கவில்லை, சத்தியம். ஆனால் சந்தேகச் செல்கள் என்று சில உண்டு. மங்கலாக இருக்கும், பிழைத்ததா செத்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்துத் தகடுகளில் அவை வந்தபோது என் விரல் எண்ணும் கருவியை அழுத்தியது. உப்புநீர்த் தகடுகளில் யோசித்தது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் தகடு தகடாகச் சேர்ந்து, சொட்டு மருந்தை ஜெயிக்க வைத்துவிட்டது.

6

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளிக்கிழமை. எந்த வேலையானாலும் அவருக்கு அன்றைக்குள் முடிய வேண்டும். இன்று வியாழன். நேற்று என் மேசையருகே வந்தார்.

"எண்ணி முடிச்சிட்டீங்களாமே. நாளன்னைக்கு உறையைப் பிரிச்சிடலாம். உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கிறது பத்தியும் அப்பவே பேசிடுவோம்."

"சரி சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. என்றைக்காவது இந்த மருந்தை மனிதர்களிடம் சோதிப்பார்கள். அப்பா வரிசையில் முதல் ஆளாக நிற்பார். என் எண்ணிக்கையை நம்பி, மிச்சமிருக்கும் ஒரு கண்ணில் அதை விட்டுக்கொள்வார்.

7

முடிவுகள். ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு: சொல்லிவிடுகிறாள், வேலை போகிறது. மூன்று: மருந்து உண்மையிலேயே நல்ல மருந்து, நான் சாய்ந்தது வீண். (மூன்றாவதை நம்பத்தான் ஆசை. ஆகவே அதைத்தான் நம்பக் கூடாது.)

உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அப்பா தோளை இடித்துக்கொண்டதை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். இனி உங்களையும் அந்த நுண்ணோக்கியின் முன் உட்கார வைக்க முடியாது. எனக்கு வேண்டியது இதைப் படிக்காத ஒருவர்.

8

இதுவரை எழுதியது அக்காவின் அறைக்குப் போவதற்கு முன். தகட்டுப் பெட்டியோடு போய் நின்றேன்.

"அக்கா, எல்லாத்துக்கும் புது ஸ்டிக்கர் ஒட்டணும். வெளிச்சம் போகாத மாதிரி. புது எண் போட்டு, வேற யாராவது முதல்லேருந்து எண்ணணும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

அவர் பெட்டியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, தகட்டைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"எத்தனை பார்த்தே?"

இதற்கான பதிலை அவரிடம்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லித்தான் நான்கு நாளைக் கடத்திவிட்டேன்.