துணிக்கதவு

மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒட்டுத்துணிப் போர்வை மெல்ல இறங்கியபோது, அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதமாகத் தைத்தும் அதை முழுதாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீட்டின் முன்னறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்தாலும் பாதிதான் விரியும். மீதி சுருண்டு மடியில் கிடக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குள் கண்காட்சிக் கூடத்தில் சேர்த்தாக வேண்டும். அதற்கு முன் ஒருமுறை பார்த்தே தீருவது என்று, மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த கணவனை எழுப்பி மாடிக்கு விரட்டியிருந்தாள்.

"சீக்கிரம் பாரு! கை மரத்துப்போகுது" என்று மேலேயிருந்து கத்தினான்.

பார்த்தாள். ஆல்ட்டரேஷன் கடையில் அவள் வெட்டிப்போட்ட பேன்ட் நுனிகளும் சட்டைக் கைகளும் சேர்ந்து ஒரு பெரிய வீடாகி வெயிலில் நின்றன. இருநூற்றுச் சொச்சம் ஜன்னல்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நீளம் கூடிப்போன துணி. நடுவில், கீழ்விளிம்பிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் கதவு. இதை நானா தைத்தேன் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களைப் பிடித்து உலுக்கி, நான்தான், நான்தான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் நின்ற நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "கதவு மூடியிருக்கு அண்ணி" என்றாள்.

உண்மைதான். பாதி திறந்த கதவு என்றுதான் வரைந்திருந்தாள். நிழலுக்காக வைத்துத் தைத்த கறுப்புப் பட்டை இங்கிருந்து பார்க்க வெறும் கோடாகத் தெரிந்தது. அந்த மஞ்சள் துணி நாத்தனாருடையது. புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று அவள் கொண்டுவந்தது ஒரு பையும் அந்தத் திரைச்சீலையும்தான். 'அங்க என் சம்பளத்துல வாங்கினது இது ஒண்ணுதான்' என்றாள்.

போர்வையை மேலே இழுத்து, கதவு இருந்த பகுதியை மட்டும் மாடிப்படித் தளத்தில் விரித்ததும் அண்ணி பெரிய கத்தரியை எடுத்தாள்.

"வெட்டப் போறியா? எட்டு மாச உழைப்புடி!" கணவன் பதறினான்.

"நிஜமாவே திறந்துடுறேன்."

மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் வீடே கோணிவிடும். சாக்குக்கட்டியால் கதவின் மேல்விளிம்பிலும் ஒரு பக்க விளிம்பிலும் கோடு போட்டு, நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் துணி. நீ சொன்னாத்தான்."

"சொல்றதென்ன? கத்தரியக் குடுங்க."

பிடுங்காத குறையாக வாங்கி, கோட்டின் மேலேயே சரசரவென்று வெட்டிக்கொண்டு போனாள். பஞ்சு பிதுங்கி வெளியே வந்தது. அடிவரை வெட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் முகம் ஓடிவந்தவள் முகம்போலச் சிவந்திருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரித்தார்கள். வெட்டிய விளிம்புகளுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பிரியாமலிருக்கப் பைப்பிங் பட்டை மடித்து வைத்துத் தைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தான் கணவன்.

மறுநாள் கூடத்தின் பொறுப்பாளர் சுவரைக் காட்டினார். "இங்க மாட்டிடலாம்."

"சுவத்துல ஒட்டினா கதவு எதுக்கு சார்?" என்றாள் நாத்தனார். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு ஏணி வரவழைத்து, கூடத்தின் நடுவில், கீழ்விளிம்பு தரையைத் தொடும்படி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. அண்ணியும் நாத்தனாரும் தூண் ஓரமாக நின்று கவனித்தார்கள். எல்லோரும் சுற்றி வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். வங்கி அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் மட்டும் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, துணியை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் இரண்டு நீலச் செருப்புகள்.