துப்பாக்கிக்கு ஒரு ராத்திரி இடம்

துப்பாக்கி வைத்திருப்பவன் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். சரி. வீட்டில் ஆளில்லாத ராத்திரியில் எங்கே வைப்பது என்று அந்தச் சட்டத்தைக் காக்கிறவர்களிடம் கேட்டால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

என்னுடையது ரெட்டைக்குழல். தென்னேரி ஏரியை ஒட்டிய எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குப் பன்றி வராமலிருக்க, என் அப்பா காலத்திலிருந்தே உரிமம் உண்டு. நான் பன்றியைச் சுடுவதில்லை, வானத்தைத்தான் சுடுவேன். இப்போதெல்லாம் அதுகூடத் தேவைப்படுவதில்லை. வரப்பில் நின்று தொண்டையைக் கனைத்தாலே திரும்பிவிடுகின்றன. கிழட்டுப் பன்றி ஒன்று வருஷாவருஷம் புதுக் குட்டிகளை வரிசையாக அழைத்துவந்து, தூரத்தில் நிறுத்தி, என்னை அடையாளம் காட்டிவிட்டுப் போகும். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

பேத்தி தேவிப்ரியாவின் முகூர்த்தப் புடவை பெரிய காஞ்சிபுரத்தில் என் சிநேகிதன் நமச்சிவாயம் வீட்டுத் தறியில் முடியும் நிலையில் இருந்தது. விடியற்காலையில் தறிக்குக் கற்பூரம் காட்டிப் புடவையை அறுத்தெடுப்பார்கள். “அத்தக் கண்ணால பாத்து, மடியில வாங்கிக்கினுதான் வருவேன்” என்று என் மனைவி பொன்னியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். அப்படியானால் முந்தின நாளே போய் அங்கே படுக்க வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கும். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் வேறு; திங்கட்கிழமை துப்பாக்கியை முழுசாக ஸ்டேஷனில் காட்டியாக வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் உரிமம் போய்விடும். உரிமம் போனால் கடலையும் போய்விடும்.

ஆகவே துப்பாக்கியை உறையில் போட்டு ஸ்டேஷனுக்கே எடுத்துக்கொண்டு போனேன். ஏட்டு சிவபாலன் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா பெரியவரே, யாரைச் சுட்டுட்டு வந்துகிறீங்க?”

“யாரையும் இல்லபா. வெளியூர் போறேன். ஒரு ராத்திரி இத்த வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்.”

“இது இன்னா சைக்கிள் ஸ்டாண்டா? எலக்‌ஷன் வந்தா நாங்களே கூப்புடுவோம். அப்ப எடுத்துக்கினு வாங்க.”

“எலக்‌ஷனுக்கு மாசக்கணக்குல வச்சிக்கிறீங்க. அப்ப இருக்குற எடம் இப்ப எங்க போச்சு?”

“அது மேலிடத்து ஆர்டரு. உங்க வூட்டுப் புடவைக்கெல்லாமா ஆர்டர் போடுவாங்க?”

“அப்ப எங்கதான் வைக்கிறது?”

“பத்திரமா வைங்க.”

பத்திரமாக வைப்பதற்குத்தானே ஐயா அங்கே போனேன்!

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கழற்றினேன். குழலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தோளில் அணைக்கிற பின்கட்டையை அப்பாவின் தேக்குப் பெட்டியில் வைத்தேன். குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் முன்கட்டை ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து நிற்காது. திருடன் பீரோவையே தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்குக் கிடைப்பது இரும்புக் குழாய்தான். அந்த முன்கட்டையைத் துண்டில் சுற்றி என்னோடு கொண்டுபோனேன். ஒரு சாண் நீளம். முனை ஒடுங்கி, உள்ளே குடைந்து இரும்பு பதித்து, கை பட்டுப் பட்டு வழவழவென்றிருக்கும்.

நமச்சிவாயம் வீட்டில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். விடிந்ததும் எல்லாரும் தறியைச் சுற்றி நின்றோம். அரக்கு உடல், பச்சைக் கரை. புடவையை மடியில் வாங்கிய பொன்னியம்மாள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்; என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருநாளும் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. போகட்டும்.

அறைக்கு வந்தேன். பாய் சுருட்டியிருந்தது. தலையணை அலமாரியில் ஏறியிருந்தது. கட்டையைக் காணோம்.

“சங்கரி! இங்க ஒரு கட்டை இருந்துதேமா?”

சங்கரி நமச்சிவாயத்தின் மருமகள். “கட்டையா மாமா? தலவாணிக்கு அடியில ஒரு பழைய நாடாதான் கெடந்துது.”

நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற, படகு போன்ற மரத்துண்டு. நெசவுக்காரர் வீட்டில் எதை நகர்த்தினாலும் அடியில் ஒன்று கிடக்கும்.

“அது நாடா இல்லமா! எங்க அது?”

“ஒடைஞ்ச நாடால்லாம் ஆசாரி பட்டறைக்குப் போச்சு, அதோட குடுத்தனுப்பிட்டேன். அதுல நூல் வர்ற கண்ணே இல்ல மாமா. போடச் சொல்லிருக்கேன்.”

நமச்சிவாயம் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்: “நானும் பாத்தேன்பா. மகா மட்டமான நாடா. எந்த மடையன் செஞ்சானோ.”

சீமையில் செய்த சாமானைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தை அது! பதில் சொல்ல நேரமில்லை. ஓடினேன். அன்று நான் ஓடிய ஓட்டத்தில் காமாட்சியம்மன் கோயில் பக்கம் இரண்டு ஆட்டோக்களை முந்தினேன். அதில் ஒன்றில், என்னை ஏற்றிக்கொள்ளக் கிளம்பிவந்த பொன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். “நில்லுயா, ஏறிக்கோ!” என்று அவள் கத்தியது பின்னால் கேட்டது.

பட்டறையில் சிட்டிபாபு ஆசாரி என் கட்டையை ஊதித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க. கட்டை நல்ல கட்டைதான். செஞ்சவன்தான் தொழில் தெரியாதவன். இரும்பெல்லாம் வச்சிட்டு நூலுக்கு வழி வைக்காம வுட்டுட்டான். நான் போட்டுட்டேன், பாருங்க.”

பார்த்தேன். பக்கவாட்டில் அழகான ஓர் ஓட்டை. நூல் அறாமலிருக்க அதன் வாயில் வெள்ளைப் பீங்கான் வளையம் வேறு.

திங்கட்கிழமை சப் இன்ஸ்பெக்டர் கிறிஸ்டோபர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையத்தில் விரல் நின்றது.

“இன்னாது இது?”

“நூல் வர்ற வழி சார்.”

“துப்பாக்கியில எதுக்குய்யா நூலு? துப்பாக்கியை மாத்தறது குத்தம், தெரியுமா? லைசென்ஸைக் கேன்சல் பண்ணிடுவேன்.”

“குத்தமா? யாரு குத்தம் சார்? முழுத் துப்பாக்கியா உங்க வாசலுக்குக் கொண்டாந்தேன். கைநீட்டி வாங்கியிருந்தா இதுக்கு ஏன் கண்ணு வருது? பத்திரமா வைன்னு சொல்லி உங்க ஏட்டு என்னை அனுப்புனாரே, அந்தப் பத்திரம் எந்தத் தெருவுல இருக்குது? காட்டுங்க, வாடகைக்கு எடுத்துக்கிறேன்!”

கிறிஸ்டோபர் திரும்பினார். “சிவபாலன், வந்தாரா இவரு?”

சிவபாலன் மின்விசிறியைப் பார்த்தார். “வந்தாரு சார். ஆர்டர் இல்லன்னு…”

கிறிஸ்டோபர் துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார். “சரி. குழல்ல கை வைக்கல, கட்டையிலதான். இந்தத் தபா வுடறேன். எடுத்துக்கினு கெளம்புங்க பெரியவரே.”

“கெளம்ப மாட்டேன் சார்.”

“இன்னும் இன்னா?”

“நாளைக்குப் பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் போறோம். மறுபடியும் வூடு பூட்டிக் கெடக்கும். இத்த எங்க வைக்கிறதுன்னு நீங்க வாயால சொல்லணும். பத்திரமான்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் வாசல் பெஞ்சில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று புகார் கொடுக்க வந்தவர்களெல்லாம் என்னைக் கண்டு படியிலேயே சமாதானமாகிப் போனார்கள். பரம்பரையாக வரப்புச் சண்டை போட்டுவந்த அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். ஸ்டேஷன் வெறிச்சோடிவிட்டது. மத்தியானம் கிறிஸ்டோபர் வெளியே வந்து, “யோவ் சிவபாலன், அந்த இரும்பு அலமாரியத் தொறந்து இவரு துப்பாக்கியை உள்ள வை. இனிமே எப்ப ஊருக்குப் போனாலும் வாங்கி வை” என்றார்.

ஜெயித்தவனாகக் கை வீசி நடந்தேன். டீக்கடையில் ஒருவன் கேட்டான்: “இன்னா கோதண்டபாணி, துப்பாக்கியைப் புடுங்கிட்டாங்களா?”

“புடுங்கவா? நான் குடுத்துட்டு வரேன்டா!”

நம்பினானா? நான் வீடு போய்ச் சேருமுன் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. தாத்தாவைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டதாமே, கல்யாணம் நடக்குமா என்று. பொன்னியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை அவளே நம்பவில்லை.

விடுவேனா? சிவபாலனைப் போய்ப் பிடித்தேன். “நீ மண்டபத்துக்கு வந்து சம்பந்தி கிட்ட உண்மையைச் சொல்லணும்பா. உன்னாலதான் எல்லாம்” என்றேன். அவரும் வாக்குத் தவறாமல் வந்தார், டியூட்டியிலிருந்து நேராக, சீருடையோடு. சம்பந்தியிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். சம்பந்தி தலையாட்டினார். பிறகு சிவபாலன் மரியாதைக்காகப் பந்தியில் என் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார்.

“பாவம்பா,” என்று எதிர் வரிசையில் யாரோ சொன்னார்கள். “பேத்தி கல்யாணத்துக்காக ஒரு வேளை வுட்டுருக்காங்க. சாப்பாட்டுக்குக்கூடக் காவல் போட்டுருக்காங்க பாரு.”