ஆந்தைமலைக்கு ஒரு முழு நாள்

எங்கள் ஊரில் தென்னை மரத்தைவிட உயரமாக எது நின்றாலும் அதற்குப் பெயர் மலைதான். கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காட்டுப்பாதையில் போனால் ஆந்தைமலை வரும். ஒரு பெரிய கரும்பாறை, அதன் தோளில் கொஞ்சம் பற்றைக்காடு, உச்சியில் நாலைந்து வீரை மரம். வேறொன்றும் இல்லை. என் புருசன் மாயாண்டி அந்த மலையில் தேன் எடுத்திருக்கிறார், காணாமல்போன மாடு தேடியிருக்கிறார். நான் அதில் ஏறியதே கிடையாது. எனக்கு எங்கே நேரம்?

அவர் படுத்து இரண்டு வருசம் ஆகிறது. ஒருநாள் வயலிலிருந்து வந்தார், கால் கழுவினார், கட்டிலில் படுத்தார். அன்றைக்குப் படுத்தவர்தான். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. ஏன் என்று கேட்காத சனம் இல்லை. நானும்தான் கேட்டேன். சண்டைக்குள்ளே என்னையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடியபோது படுக்காத மனுசன். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது படுக்காத மனுசன். மகளைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்கு ஓடு போட்டு, இனி மூச்சு விடலாம் என்று நான் நினைத்த நேரத்தில் போய்ப் படுத்தார். டொக்டர் தந்த குளிசையையும் விழுங்கினார். ஊர்ச்சனம் பஞ்சி பிடித்தவன், சோம்பேறி என்றது. அப்படிச் சொன்ன ஒருத்தியின் வீட்டு வாசல் படலையில் நின்று நான் கத்திய கத்து அவளுடைய ஏழு தலைமுறைக்கும் கேட்டிருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து நானும் அதையேதான் அவரிடம் சொன்னேன். அவர் எழும்ப வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆடி மாதம் சுவிசிலிருந்து பிரேமிளா போன் எடுத்தாள். அவளுடைய தகப்பனும் என் மாமனாரும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரே லொறியில் வன்னிக்கு வந்தவர்கள். பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை, கலியாணம் கட்டி அங்கே போய் வருசக்கணக்கு.

"கமலாக்கா, நாங்கள் ஒரு ஒன்பது பேர் சேர்ந்து வருசா வருசம் இலையுதிர்கால லீவுக்கு எங்கயாவது நடக்கப் போறனாங்கள். இந்த முறை இலங்கை. எல்ல எண்ட ஊர்ப் பக்கம் ரெண்டு மூண்டு மலை. எங்கட ஊரிலயும் ஒண்டு ஏறுவம் எண்டு நான் சொல்லிப்போட்டன். ஆந்தைமலைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரும் இருக்கினமோ?"

"ஏன் இல்லை? உன்ர அத்தான் இருக்கிறார்" என்று உடனே சொன்னேன். அத்தான் அந்த நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அங்க ஐப்பசியில இலை எல்லாம் நிறம் மாறுமோ அக்கா?"

"இஞ்ச இலை கொட்டுறது இப்ப, வெயிலுக்கு. ஐப்பசியில மழை விழுந்து எல்லாம் பச்சையா நிக்கும். மழை வந்தா என்ன செய்வீங்கள்?"

"எங்களுக்கு மழை பழக்கம்" என்று சிரித்தாள்.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாள் நான் சோறு வைக்கப் போனபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"அவையளில ஆருக்கும் முழங்கால் நோ இருக்கோ?"

சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஐயோ, எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த மனுசன் ஒரு கேள்வி கேட்டார்!

"இருக்கும் இருக்கும். எல்லாம் ஒபிசில இருந்து வேலை செய்யிற சனம்தானே" என்றேன்.

"அப்ப ஒரே மூச்சில ஏத்தேலாது" என்றார். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை எங்களுக்குத் தெரியாதா? வெயில் தாங்காது, போத்தல் தண்ணீர்தான் குடிப்பார்கள், நுளம்பு கடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியா ஆசுப்பத்திரிக்கு ஓடுவார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவரும் அதை வைத்துத்தான் திட்டம் போட்டார். அடுத்த வாரமே காட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டு விடியப் புறப்பட்டார். நான் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில்தான்.

ஆவணியும் புரட்டாதியும் அவர் போய்வந்தார். பழைய மாட்டுத்தடத்தில் முள்ளை வெட்டினார். வழுக்குகிற இடங்களில் கல் அடுக்கிப் படி கட்டினார். செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற மரத்துக்கு மரம் கயிறு கட்டினார். பின்னேரம் வந்து, குளித்து, தேத்தண்ணீரோடு திண்ணைக் குந்தில் இருந்து எனக்கு முழுவதையும் சொல்வார்.

"காட்டு வாசலில முதல் இலைக்குழை முறிச்சு வைச்சு ஐயனாரைக் கும்பிடவேணும். பேந்து பாலை மரத்தடியில ஒரு இருப்பு. அங்க குளிர்ச்சி. அங்கால கரடி கிடந்த குகை, அதில அரை மணித்தியாலம் கதை சொல்லலாம். பிறகு சுனை. அதில முகம் கழுவட்டும். நடுவில ஒரு தட்டுக்கல்லு இருக்கு, குளம் முழுக்கத் தெரியும். அதில தேத்தண்ணி. மத்தியானம் உச்சி. மெல்ல மெல்லப் போனா ஒருத்தருக்கும் களைக்காது."

"உங்களுக்கு விசரே? ஒரு கல்லில ஏற ஒரு முழு நாளோ?"

"நீ பேசாமலிரு. மலையில பிறந்தவன் நான். உனக்கென்ன தெரியும் மலையைப் பற்றி?"

ஏழு வயதில் லொறியில் ஏறி வந்தவருக்கு அந்த மலையில் பனிப்புகாரைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்னை ஏசியது எவ்வளவு நன்றாக இருந்தது! சோற்றில் உப்புக் கூட என்றார், உடுத்த சேட்டை ஏன் சரியாகத் தோய்க்கவில்லை என்றார். மகள் போனில் கேட்டபோது, "உன்ர கொப்பர் திரும்பி வந்திட்டார் பிள்ளை" என்று சொன்னேன்.

நானும் அந்தப் பாதையைப் பார்க்க வருகிறேன் என்றால் விடமாட்டார். எல்லாம் முடியட்டும், அவர்கள் வந்துபோன பிறகு உன்னைத் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்பார்.

ஐப்பசியில் அவர்கள் வந்தார்கள். முதல் நாள் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. விடிய அவர்களின் வான் வண்டி வந்து நின்றதும் நான் அசந்துபோனேன். ஒன்பது பேரும் பெரிய சப்பாத்து, முதுகில் பை, கையில் இரண்டிரண்டு ஊன்றுகோல். பிரேமிளாவின் கெண்டைக்கால் எங்கள் ஊர் உழவுகாரனின் காலைப்போல இருந்தது. அவளுடைய புருசன் சதீஸ் கையில் கட்டியிருந்த மணிக்கூடு நெஞ்சடிப்பைக்கூடக் காட்டுமாம். எனக்கு அப்போதே ஏதோ பிசகுவதுபோல இருந்தது. அவரைப் பார்த்தேன். அழுத்திய சேட்டு, புதுச் செருப்பு, தோளில் தேத்தண்ணீர்ப் பிளாஸ்க். கலியாணத்தன்றுகூட அவர் அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

"ஆரும் அவசரப்படக் கூடாது. களைச்சா உடன சொல்லவேணும், நிப்பம்" என்று அவர்களுக்குச் சொன்னார்.

"ஓம் அத்தான்" என்றாள் பிரேமிளா மரியாதையாக.

அவர்கள் போனதும் நான் சமையலுக்கு இறங்கினேன். மத்தியானம் கடந்துதான் வருவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். ஆட்டிறைச்சி வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டு, முருங்கைக்காயை வெட்டி, தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அரிசி இன்னும் உலையில் விழவில்லை. வானின் கோர்ண் சத்தம் கேட்டது.

யானை அடித்துவிட்டது, இல்லாவிட்டால் யாரையோ பாம்பு தீண்டிவிட்டது என்று நினைத்து, திருவிய தேங்காயைத் தட்டிவிட்டு ஓடினேன்.

"என்ன நடந்தது? ஆருக்கு என்ன?"

"ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றார் சதீஸ். அவருக்கு வியர்க்கக்கூட இல்லை. "ஏறி முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ?"

"நல்ல இடம். காலமை உடம்பைச் சூடாக்க அருமையான நடை. எங்கட வீட்டுக்குப் பின்னால உள்ள குன்று இதைவிடக் கொஞ்சம் உயரம்." மனுசன் பகிடியாகவோ குத்தலாகவோ சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பிரேமிளா என் கையைப் பிடித்தாள். "அத்தான் பாதையை என்ன வடிவா வெட்டியிருக்கிறார் அக்கா! நாங்கள் விறுவிறெண்டு ஏறிட்டம். அவர்தான் பாவம், பின்னால மூச்சு வாங்க வந்தவர்."

அவர் வானின் கடைசிக் கதவால் இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. பிளாஸ்க்கைக் குசினி மேசையில் வைத்தார். நான் தூக்கிப் பார்த்தேன், தேத்தண்ணீர் அப்படியே இருந்தது.

"இருங்கோ, இப்ப சமைச்சிடுவன். இறைச்சி வந்துகொண்டிருக்கு" என்று நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். சாப்பாட்டுக்காக இல்லை. அவர்கள் பின்னேரம் வரை எங்கள் முற்றத்தில் இருந்தால், அவர் கரடிக்குகைக் கதையையாவது சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர்களுக்குள் கதைத்தார்கள். நேரம் மிஞ்சிவிட்டது, இப்போதே வெளிக்கிட்டால் பின்னேரத்துக்கு முன் திருகோணமலையில் கடல் குளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிட்டார்கள், என்னைக் கட்டிப்பிடித்தார்கள், அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் வாய் நிறைய ஏசியிருப்பேன்.

"வாற வருசமும் வருவீங்களோ?" என்று படலையில் வைத்துக் கேட்டேன்.

"வாற வருசம் நேபாளம் எண்டு கதைச்சிருக்கிறம். பாப்பம் அக்கா."

திரும்பி வந்தபோது அவர் சேட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். சுவர்ப்பக்கம்.

அடுத்த நாள் ஏசினேன். அந்தக் கண்டறியாத சுவிசுக்காரருக்காகவா படுத்திருக்கிறீர்கள், அவர்கள் யார், எங்களுக்குச் சோறு போட்டவர்களா என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கடுத்த நாள் காலடியில் இருந்து கெஞ்சினேன்.

"இஞ்சாருங்கோ, எனக்குக் காட்டுறன் எண்டு சொன்னனீங்கள்தானே. எழும்புங்கோ. நான் மெதுவாத்தான் நடப்பன். எனக்கு மெய்யா முழங்கால் நோ."

"அது மலையில்லை கமலா" என்றார். "சும்மா ஒரு கல்லு."

ஒரு கிழமை பார்த்தேன். பிறகு ஒரு விடியற்காலை, "நான் ஆந்தைமலைக்குப் போறன், கேட்டுதோ?" என்று கட்டிலருகில் நின்று உரக்கச் சொன்னேன். பெண்பிள்ளை தனியாகக் காட்டுக்குள் போகக் கூடாது என்று ஏசுவார், பின்னால் வருவார் என்று நினைத்தேன். படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. யானை வந்தால் வரட்டும் என்று நடந்தேன்.

காட்டு வாசலில் குழை முறித்து வைத்து ஐயனாரைக் கும்பிட்டேன். பாலை மரத்தடியில் இருந்தேன். அவர் சொன்னது சரி, அங்கே குளிர்ச்சிதான். குகை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். சுனையில் முகம் கழுவினேன். கயிற்றைப் பிடித்து ஏறும்போது, கை வழுக்காமல் இருக்க ஒவ்வொரு சாண் தூரத்திலும் முடிச்சுப் போட்டிருந்தது தெரிந்தது. எத்தனை முடிச்சு! கல்லுப் படிகளில் ஒன்றுகூட ஆடவில்லை. தட்டுக்கல்லில் காலை நீட்டி இருந்து குளத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் ஏறி, கரையெல்லாம் பச்சை பிடித்திருந்தது. எனக்கு நன்றாகக் களைத்தது. உச்சிக்கு வந்தபோது மத்தியானம். அவர் சொன்ன மாதிரி நடந்தால் ஒரு முழு நாள் வேண்டும்தான். அந்தச் சனத்துக்கு அது தெரியவில்லையே என்று என் வயிறு எரிந்தது.

வீரை மரத்தடியில் நின்று அவருக்குப் போன் எடுத்தேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தார்.

"நான் மேல நிக்கிறன்" என்றேன். "மழை இருட்டுது. எனக்கு இறங்க வழி தெரியேல்லை. பயமாக் கிடக்கு. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

பொய்தான். ஆனால் வேறு எதைச் சொல்லி அந்த மனுசனை எழுப்புவேன்? அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. எழும்புகிறார், எழும்பிவிட்டார் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். கத்தி எடுக்கும் சத்தம் வருமா, செருப்புப் போடும் சத்தம் வருமா என்று பார்த்தேன்.

"பாதை இருக்குத்தானே" என்றார். சுவரைப் பார்த்துக் கதைப்பது குரலில் தெரிந்தது. "கயித்தைப் பிடிச்சுக்கொண்டு இறங்கு. வழி பிழைக்காது. அதுக்கு ஆள் தேவையில்லை."

போன் நின்றுவிட்டது.

மாயாண்டி, மாயாண்டி என்று புருசன் பேரைச் சொல்லிக் காடு அதிரக் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். அழுதேன். பிறகு தூறல் விழத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்து இறங்கினேன். ஒரு படி வழுக்கவில்லை, ஒரு முள் தைக்கவில்லை, ஓரிடத்தில்கூட எனக்கு வழி தவறவில்லை.