மயிலுக்குக் கட்டிய வலை

“இஞ்சாருங்கோ, பிடியுங்கோ! மயிலுக்குக் கிட்டப் போகுது!”

நாகேஸ்வரி கத்திய கத்தலில் மண்வெட்டியை எறிந்துவிட்டு, முற்றத்தில் கட்டியிருந்த வலைக்குள் பாய்ந்தேன். அடுத்த காணி வீரகத்தியண்ணையின் சேவல் வலையைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. இரண்டு சுற்று ஓடி, காலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

என் மனைவி சேவலைப் பார்க்கவில்லை. மயிலைப் பார்த்தாள். அது மூலையில் ஒடுங்கி, தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டு நின்றது.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம். தர்மபுரம் முழுக்கக் கோழிகள் தூங்கித் தூங்கிச் செத்துக்கொண்டிருந்தன. மிருக வைத்தியர் சொன்னதையெல்லாம் நாகேஸ்வரி அப்படியே செய்தாள். முல்லைத்தீவு மீன்காரர் மரியநேசனிடம் பழைய வலை வாங்கி முற்றத்தை மூடிக் கட்டினாள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் மயில் அதற்குள் உலாவும்; மற்ற நேரம் கூட்டுக்குள்தான். அதற்கென்று தனிச் சட்டி, கிணற்றுத் தண்ணீர். கால் கழுவாமல் என்னையும் உள்ளே விடமாட்டாள்.

“மாப்பிள்ளை எடுத்த மாதிரியெல்லோ கவனிக்கிறீர்” என்று நான் பகிடி விட்டிருக்கிறேன்.

“உங்கட சேவலாலதான் அண்ணை!” வேலியடிக்கு ஓடிவந்த வீரகத்தியண்ணையைப் பார்த்து அவள் அழுதாள்.

“பிள்ளை, அது சுகமாத்தான் நிக்குது...” அவர் குரல் இறங்கிவிட்டது. காட்டில் நாங்கள் எடுத்த மயில்முட்டையை அடைகாத்துப் பொரித்ததே அவருடைய கோழிதான். “பொரிப்பிச்சுத் தந்த நானே அதைக் கொல்லுவனே?”

என் கண் வாழையடிக்குப் போய்த் திரும்பியது.

மூன்றாம் நாள் விடிய மயில் செத்துக் கிடந்தது. அதைக் கேள்விப்பட்ட வீரகத்தியண்ணை தன் பதினொரு கோழிகளையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கழுத்தை முறித்தார்.

“இனி ஒருத்தற்ற வளவுக்கும் என்னால கேடு வரவேண்டாம்.”

பின்னேரம் வைத்தியர் வந்தார். சேவல் கதையைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

“சேவல் வந்த அண்டைக்கே மயில் தூங்கினதெண்டால், சேவலால வந்ததில்லை. வருத்தம் தொத்தி நாலைஞ்சு நாளுக்குப் பிறகுதான் காட்டும். அதுக்கு முந்தி உள்ளுக்கு என்ன வந்தது?”

நாகேஸ்வரி விரல் மடித்தாள்.

“சேவல் வந்தது புதன். அதுக்கு முந்தின வெள்ளி நான் மத்தியானப் பூசைக்குப் போனனான். வீட்டில நீங்கள்தானே நிண்டனீங்கள்?”

வேலிக்கு அப்பால் வீரகத்தியண்ணை கோழிகளைப் புதைக்கத் தோண்டிய கிடங்குக்குள் மண் தள்ளும் சத்தம் கேட்டது.

“ஓம்” என்றேன். “மல்லாவியில ஒருத்தன் தூங்கின பேட்டுக்கோழி ஒண்டைச் சும்மா தந்தவன். சாகமுந்தி அறுத்தால் கறியாகும் எண்டான். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடேலாதே... விடியட்டும் எண்டு கொண்டுவந்தனான். ஓடாமல் அடைக்க வேற இடம் இல்லை. நீர் வரமுந்தி அது செத்துப்போச்சு. வாழையடியில கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன்.”

“எங்க அடைச்சனீங்கள்?”

“வலைக்குள்ள. விடாய்ச்சுக்கொண்டு நிண்டது, நாகேசு. மயிலின்ர சட்டியிலதான் தண்ணி வைச்சனான்.”