அரக்கில் அழுத்திய சாவி

திருமூர்த்தி கோயம்புத்தூரில் இருபது வருடம் நகை செய்தவர். இளைஞன் பாசில் கல் பதிப்பதில் கெட்டிக்காரன். நகைக்கடைக்காரர் சுவாமிநாதன் இருவரையும் விசா எடுத்து அமெரிக்காவில் உள்ள ஐசலினுக்கு அழைத்துவந்து, பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, தன் வீட்டு பேஸ்மென்ட்டில் பட்டறை போட்டு உட்கார்த்தினார். உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. "வெளிய போனா போலீஸ் புடிச்சு உள்ள போட்ருவான்" என்பார். அவர்கள் செய்த நகைகள் அவருடைய ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் மினுங்கின. பதினான்கு மாதங்களில் அந்தத் தெருவை அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பாசிலுக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாளாகியும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அன்று சுவாமிநாதன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, திரும்பி நின்று போனில் பேசினார். நகையைப் பிடித்துவைக்கும் அரக்கு இளகியிருந்தது. திருமூர்த்தி பேஸ்மென்ட் சாவியை அதில் அழுத்தி எடுத்தார். பித்தளைத் தகட்டை அராவிச் சாவியாக்க இரண்டு நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை மதியம், சுவாமிநாதன் கடைக்குப் போனதும் வெளியேறினார்கள். தெருவெல்லாம் பனி. பாசில் காலில் வெறும் செருப்பு. வாசல் கேமரா காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். முனை திரும்புவதற்குள் சுவாமிநாதனின் கார் வந்துவிட்டது. பாசில் வழுக்கி விழுந்தான்.

"அண்ணே!"

திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். கார்க் கதவு திறந்தது. அவர் ஓடினார்.

ஒரு பிரியாணிக் கடையின் பின்வாசலில் மூச்சுவாங்க உட்கார்ந்தவருக்குக் கடைக்காரி கமருன்னிசா டீ கொடுத்தாள். அப்போதே அவள் போனில், ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில், அவர் படம் வந்து விழுந்தது. 'கடையில் திருடிவிட்டு ஓடியவன். நகைவேலை தெரியும். வலது கையில் தீத்தழும்பு. பார்த்தால் உடனே தெரிவிக்கவும்.'

அவள் அவர் கையைப் பார்த்தாள். "இது நீங்கதானே?"

"நான்தானுங்க. ஆனா திருடலீங்கக்கா. வேணும்னா என்னையப் புடிச்சுக் குடுங்க. பாசிலு காய்ச்சலோட அவருகிட்ட மாட்டிக்கிட்டானுங்க. யாராச்சும் போய்ப் பாருங்க."

"சுவாமிநாதன் அங்கிள் எங்க வீட்டு ஃபங்ஷனுக்கெல்லாம் வந்திருக்காரே..." என்றாள். பிறகு பாசிலைப் போய்ப் பார்க்கச் சொல்லி போலீஸுக்கு போன் செய்தாள்.

போலீஸ் போனபோது பேஸ்மென்ட் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அங்கே யாரும் தங்கியதே இல்லை என்றார் சுவாமிநாதன். திருமூர்த்தி கமருன்னிசாவின் வீட்டில் மூன்று நாள் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தார். நான்காம் நாள், பார்சிப்பனி என்ற ஊரில் சுவாமிநாதனின் உறவினர் வீட்டு கராஜில் போலீஸார் பாசிலைக் கண்டுபிடித்தார்கள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. சுவாமிநாதனைக் கைது செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பாசில் மூக்கில் குழாயோடு கிடந்தான்.

"நான் விழுந்ததை நீங்க பாக்கலன்னு நெனச்சேன் அண்ணே."

"பாத்தேன் பாசிலு. பாத்துட்டுத்தான் ஓடுனேன்."

பாசில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். உள்ளே வந்த நர்ஸ், நீங்கள் இவருக்குச் சொந்தமா என்று கேட்டாள். திருமூர்த்தி எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க அண்ணன்தான்" என்றான் பாசில், திரும்பாமலே.