முன்வரிசை பெஞ்சு

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் எங்கள் காக்ஸ் டவுன் சர்ச்சில் முன்வரிசை காலியாகிவிட்டது. துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். பிரம்பு பின்னிய அந்த பெஞ்சுகளில் உட்கார ஆளில்லை. பின்னால் வெறும் பலகைகளில் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்னால் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட்டுக்கு மட்டும் அந்த பெஞ்சின் மேல் ஒரு கண். ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அடுத்த தெரு கிளாரன்ஸ் முந்திக்கொள்வானோ என்கிற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் முதல்ல போய்க் குந்திட்டான்னா, அப்புறம் ஆயுசு பூரா அவன் முதுகைப் பாத்துத்தான் நான் ஜெபம் பண்ணணும், ஜோசஃபின்" என்றார்.

கதவோரம் நல்ல காற்று வருகிறது, நமக்கு அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டும் டையுமாக, என்னையும் இழுத்துக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் சர்ச்சே முணுமுணுத்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இங்கிலீஷ் ஆராதனையில் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. முன்னால் துரை எழுந்தால் எழுவோம், துரைசானி உட்கார்ந்தால் உட்காருவோம். இத்தனை வருஷமும் அப்படியே காலத்தை ஓட்டிவிட்டோம். துரைமார்கள் போன பிறகு பழைய பாதிரியார் கையால் ஜாடை காட்டிச் சமாளித்தார்; அவரும் அந்த வாரம்தான் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை.

ஹெர்பர்ட்டுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சட்டைக் காலர் நனைந்துபோயிற்று. மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த பாதிரியார் கையை உயர்த்தும்போதெல்லாம் இவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். இன்றைக்கு மானம் போய்விடும், நாளைக்கு கிளாரன்ஸ் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான் என்று எனக்குப் பயம். தட்டுத் தடுமாறி எப்படியோ பிரசங்கம் வரை வந்துவிட்டோம்.

பாதிப் பிரசங்கத்தில் பாதிரியார் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து, துரைமார்கள் விட்டுப்போன மூட்டைப்பூச்சி ஒன்று பிரம்பு இடுக்கிலிருந்து கிளம்பியது. பல மாதப் பட்டினி அதற்கு. ஹெர்பர்ட் விசுக்கென்று எழுந்துவிட்டார். உடனே சர்ச்சு முழுவதும் தடதடவென்று எழுந்து நின்றது, கிளாரன்ஸ் உட்பட. பாதிரியார் டம்ளரும் கையுமாக மிரண்டு பார்த்தார். ஹெர்பர்ட் அசையாமல் நின்று, பயபக்தியோடு தலையைக் குனிந்து, பிறகு உட்கார்ந்தார். எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் பாதிரியார், மெட்ராஸ் பக்கம் இந்த முறை கிடையாதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஹெர்பர்ட் டையைச் சரிசெய்துகொண்டார்.

"துரைங்க காலத்துல இருந்தே இங்க இதான் பழக்கம், பாஸ்டர்."

அந்த வாரமே நான் பெஞ்சு இடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றினேன். பூச்சி ஒழிந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு, பாதிரியார் தண்ணீர் குடிக்க நிறுத்தியதும் சர்ச்சு தானாகவே எழுந்து நின்றது. முதலில் எழுந்தவன் கிளாரன்ஸ்.

சில வருஷம் கழித்து, முன்பு இதே முன்வரிசையில் உட்கார்ந்த பழைய துரை ஒருவர் ஊரைப் பார்க்க வந்தார். ஞாயிறன்று ஹெர்பர்ட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பாதிரியார் டம்ளரை எடுத்தார், எல்லோரும் எழுந்தோம். துரை மட்டும் உட்கார்ந்தபடி திருதிருவென்று விழித்தார். ஹெர்பர்ட் அவர் தோளை மெதுவாகத் தொட்டு, எழுந்திருக்கும்படி ஜாடை காட்டினார். துரை முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார்.

ஹெர்பர்ட் என் காதருகே குனிந்து சொன்னார்: "பாவம், சர்ச்சுக்குப் போய்ப் பழக்கமில்ல போல."